வி அடித்தால் வ விழுகிறது

கேள்வி: சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஏழு மாதமாக வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகைக்கு இல்லஸ்ட்ரேட்டரும் இன்டிசைனும், கோயில் மலருக்கு இன்டிசைன், படங்களுக்கு ஃபோட்டோஷாப். தமிழ் அடிப்பது தமிழ்99 முறையில். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அழுத்தித் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்வேன். காலையில் குறுக்குவிசைகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. பதினோரு மணிக்கு மேல் ஆங்கில 'வி' (V) விசையை அடித்தால் தேர்வு அம்பு வருவதில்லை. எழுத்துப் பெட்டிக்குள் இருந்தால் 'வ' என்று விழுகிறது. கண்ட்ரோல் எஸ் மட்டும் எப்போதும் வேலை செய்கிறது. கணினியை அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறது. சில நேரம் பேனல்கள் மொத்தமாக மறைந்துவிடுகின்றன. போன வாரம் இன்டிசைனில் செய்து அச்சாகி வந்த 500 பத்திரிகைகளில் 'வருக' என்பது 'வருகீ' என்று இருந்தது. நான் அப்படி அடிக்கவே இல்லை. "இனிமேல் மவுஸை மட்டும் பிடி, விசைப்பலகையில் விளையாடாதே" என்கிறார் முதலாளி. என் கைதான் சரியில்லையா? மவுஸோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?

— ஒரு வாசகி, சிவகாசி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. கடிதத்தின் கடைசியில் நீங்கள் கேட்டிருப்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அச்சுக்கான பக்க வடிவமைப்பு என் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் ஒன்றையாவது அனுபவிக்காத வடிவமைப்பாளரை நான் பார்த்ததில்லை. அவை வெவ்வேறு கோளாறுகள் போலத் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: விசையை அழுத்தும் அந்த நொடியில் அதற்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பது யார் என்று நாம் பார்ப்பதில்லை.

திரையில் எத்தனை சன்னல்கள், எத்தனை பெட்டிகள் திறந்திருந்தாலும், ஒரு நேரத்தில் விசைப்பலகையைக் கேட்பது ஒரே ஒரு இடம்தான். கணினித் துறையில் இதை ஃபோகஸ் என்பார்கள். மவுஸுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அம்புக்குறி எங்கே நிற்கிறதோ அங்கேதான் சொடுக்கு விழும், அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்கிறோம். விசைப்பலகைக்கு அப்படிக் கண்ணுக்குத் தெரியும் இடம் இல்லை. நீங்கள் அழுத்தும் 'வி' கருவிப்பட்டைக்குப் போகுமா, எழுத்துப் பெட்டிக்குள் போகுமா, எழுத்தளவை நிரப்பும் சின்னக் கட்டத்துக்குப் போகுமா என்பது, அதற்கு முன்னால் நீங்கள் எதைச் சொடுக்கினீர்கள் என்பதைப் பொறுத்து ஏற்கெனவே முடிவாகியிருக்கும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், சுட்டி எந்தப் பகுதியின்மேல் நிற்கிறதோ அந்தப் பகுதிக்கே விசையும் போகும். நம் அச்சு வேலைக்கான மென்பொருள்கள் அப்படிச் செய்வதில்லை. கடைசியாகச் சொடுக்கிய இடத்தையே நினைவில் வைத்திருக்கின்றன, நாம் மறந்த பிறகும்.

முதலில் உங்கள் பதினோரு மணிச் சிக்கல். கண்ட்ரோல் எஸ் வேலை செய்கிறது, தனி எழுத்து மட்டும் செய்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். மென்பொருள் உறைந்திருந்தால் இரண்டுமே வேலை செய்யாது. கண்ட்ரோல் சேர்ந்த விசைகளைப் பெரும்பாலான மென்பொருள்கள் எந்த மொழி விசைப்பலகை இருந்தாலும் புரிந்துகொள்ளும். தனி எழுத்துக் குறுக்குவிசைகள் அப்படி இல்லை. அழுத்திய விசை எது என்று பார்க்கும் மென்பொருளும் உண்டு, அந்த விசை தந்த எழுத்து எது என்று பார்க்கும் மென்பொருளும் உண்டு. தமிழ்99 இல் ஆங்கில 'வி' இருக்கும் அதே விசையில்தான் நம் 'வ' இருக்கிறது. ஆகவே பெட்டிக்குள் 'வ' விழுகிறது என்றால், உங்களுக்குத் தெரியாமல் விசைப்பலகை தமிழுக்கு மாறியிருக்கிறது.

மாற்றியது யார்? நீங்கள்தான், ஆனால் விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும் அழுத்தி இல்லை. பத்திரிகையின் ஓரத்தில் பூவேலை வைக்கும்போது ஒரு பூவை ஆல்ட் அழுத்தி இழுத்து நகல் எடுப்பீர்கள். கோடு பிசகாமல் நேராக வர ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பிடிப்பீர்கள். இல்லஸ்ட்ரேட்டரில் எல்லாரும் செய்வது இதுதான். கணினியில் இரண்டு மொழிகள் போட்டு வைத்திருந்தால், இடப்பக்க ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் மொழியை மாற்றிவிடு என்பது விண்டோஸில் முதலிலிருந்தே இருக்கும் ஏற்பாடு. நீங்கள் நடுவில் மவுஸால் பூவை இழுத்தது அதற்குக் கணக்கில்லை. இரண்டு விசைகளும் கீழே போயின, மேலே வந்தன, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஒரு பூ நகலானது, மொழியும் மாறியது. அடுத்த பூவுக்கு மறுபடி ஆங்கிலம். ஒற்றைப்படை எண்ணிக்கையில் பூ வைத்து முடித்திருந்தால் தமிழில் நிற்பீர்கள், இரட்டைப்படை என்றால் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். இந்தக் கோளாறு எப்போது வரும், எப்போது போகும் என்று பிடிபடாமல் இருந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். காலை நேரம் பெயரும் தேதியும் அடிப்பதில் போயிருக்கும், பூவேலை தொடங்குவது பதினோரு மணிக்கு என்பது என் ஊகம். அணைத்துப் போட்டால் சரியாவது ஏனென்றால், கணினி திரும்ப வரும்போது முதன்மை மொழியான ஆங்கிலத்தில் வந்து நிற்கிறது.

இதற்கு மருந்து இரண்டு நிமிட வேலை. விண்டோஸ் அமைப்புகளில் நேரம், மொழி பகுதிக்குள் தட்டச்சு என்ற பக்கத்துக்குப் போங்கள். அதில் மேம்பட்ட விசைப்பலகை அமைப்புகள் இருக்கும். அங்கே உள்ளீட்டு மொழிக்கான குறுக்குவிசைகள் என்ற இணைப்பைத் திறந்தால் பழைய பாணியில் ஒரு சிறு பெட்டி வரும். மொழிகளுக்கிடையே மாறும் விசையை ஒதுக்கப்படவில்லை என்ற நிலைக்கு மாற்றிவிடுங்கள். அதன் பக்கத்திலேயே விசைப்பலகை அமைப்பை மாற்றுவதற்கென்று இன்னொன்று இருக்கும், அதையும் அப்படியே செய்யுங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும் சேர்ந்த உங்கள் வழக்கமான வழி இதனால் கெடாது. அதே மேம்பட்ட அமைப்புகள் பக்கத்தில் ஒவ்வொரு சன்னலுக்கும் தனித்தனி உள்ளீட்டு முறை வைத்துக்கொள்ள ஒரு தேர்வும் உண்டு. வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் தமிழில் பதில் எழுதிவிட்டு இல்லஸ்ட்ரேட்டருக்குத் திரும்புகிறவர் என்றால் அதிலும் டிக் போட்டுவிடுங்கள். அங்கே தமிழ், இங்கே ஆங்கிலம் என்று அதனதன் இடத்தில் நிற்கும்.

இனி 'வருகீ'. இதை நீங்கள் அடிக்கவில்லை என்று எழுதியிருப்பதை நான் முழுமையாக நம்புகிறேன். நீங்கள் அடித்தது 'வருக'. உங்கள் கை அடுத்துச் செய்தது என்ன என்று என்னால் சொல்ல முடியும்: பக்கம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க 'டபிள்யூ' விசையை அழுத்தினீர்கள். இன்டிசைனில் வழிகாட்டிக் கோடுகளையும் சட்டகங்களையும் மறைத்து, அச்சில் வருவதுபோல் பக்கத்தைக் காட்டும் விசை அது. நாளுக்கு நூறு முறை அழுத்துவோம். கர்சர் இன்னும் பெட்டிக்குள் மினுக்கிக்கொண்டிருந்தது. அங்கே அது குறுக்குவிசை இல்லை, வெறும் எழுத்து. தமிழ்99 இல் அந்த விசையில் இருப்பது 'ஈ'. சொல்லின் தொடக்கத்தில் அடித்தால் 'ஈ' என்று தனியாக விழும். அகர மெய்யை அடுத்து அடித்தால் அதோடு சேர்ந்துகொள்ளும், 'க' அப்படியே 'கீ' ஆகிவிடும். ஆங்கிலப் பக்கம் என்றால் ஒரு 'டபிள்யூ' துருத்திக்கொண்டு தெரியும், புரூஃப் பார்க்கிறவர் கண்ணில் பட்டுவிடும். தமிழ்99 இலோ எழுத்து முந்திய எழுத்துக்குள் கரைந்துவிடுகிறது. முன்காட்சி ஏன் வரவில்லை என்று இரண்டாவது முறை அழுத்தியிருந்தால் 'வருகீஈ' என்று வந்து நீங்களே கவனித்திருப்பீர்கள். ஒரே முறை அழுத்திவிட்டு, வேறு ஏதோ நினைவில் வெளியே சொடுக்கியிருக்கிறீர்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. கும்பாபிஷேக மலர் ஒன்று, 64 பக்கம். பாமினி எழுத்துருவில் அடித்த பக்கங்கள். பாமினியில் அதே விசை 'ற'. உபயதாரர் பட்டியலைக் கடைசியாக ஒரு முறை சரிபார்த்துவிட்டு முன்காட்சி பார்க்க அழுத்தியபோது, ஒரு பெரியவரின் பெயருக்குப் பின்னால் ஒரு 'ற' உட்கார்ந்துவிட்டது. புத்தகம் வெளியான மூன்றாம் நாள் அவர் நேரில் வந்தார். சண்டை போடவில்லை. மலரைப் பிரித்து என் மேசைமேல் வைத்து, தன் பெயருக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். அந்தக் கோயிலுக்கு அவர் கொடுத்த பணம் அவருடைய ஓய்வூதியத்திலிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. அந்த விரலை நான் மறக்கவில்லை. உங்கள் 500 பத்திரிகைகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த விதத்தைப் பார்த்தால், உங்களுக்கும் அந்த வீட்டார் முகம் மறக்காது என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு நான் பிடித்துக்கொண்ட பழக்கம் ஒன்று. எழுதி முடித்தேனா, உடனே எழுத்துப் பெட்டியை மூடிவிடுவேன். அடுத்த வேலை என்னவென்று யோசிப்பது மூடிய பிறகுதான். இன்டிசைனிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் எஸ்கேப் அழுத்தினால் எழுத்திலிருந்து வெளியேறித் தேர்வு அம்புக்கு வந்துவிடலாம், அடித்தது அடித்தபடி இருக்கும். ஃபோட்டோஷாப்பில் மட்டும் கவனமாக இருங்கள். அங்கே எஸ்கேப் என்பது நெடுங்காலமாக 'இப்போது அடித்ததெல்லாம் வேண்டாம்' என்ற பொருளில் இருந்து வருகிறது. இன்டிசைனில் எஸ்கேப் பழகிய கை ஃபோட்டோஷாப்பில் அதையே செய்தால் பத்து நிமிடம் அடித்தது ஒரு தட்டில் போய்விடும். புதிய பதிப்புகளின் விருப்பத்தேர்வுகளில், எழுத்து என்ற பகுதியில், எஸ்கேப் அழுத்தினால் எழுத்தை உறுதிசெய் என்று ஒரு தேர்வு வந்திருக்கிறது. அதை இயக்கிக்கொண்டால் மூன்று மென்பொருளிலும் கை ஒரே மாதிரி பழகும். அதுவரை ஃபோட்டோஷாப்பில் கண்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்துங்கள், அல்லது வலக்கோடியில் எண் விசைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் என்டரை அழுத்துங்கள். கோரல் டிரா உங்கள் அச்சகத்திலும் இருக்கும். அதில் எழுத்திலிருந்து வெளியேற கண்ட்ரோலும் ஸ்பேஸ்பாரும்.

'டபிள்யூ' விசையையே மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. இன்டிசைனின் திருத்து பட்டியலில் விசைப்பலகைக் குறுக்குவழிகள் என்ற பெட்டியைத் திறந்தால், கீழே சூழல் என்று ஒரு தேர்வு இருப்பதைப் பார்ப்பீர்கள்: பொது, எழுத்து, அட்டவணை என்று வரிசையாக இருக்கும். அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் உங்கள் சிக்கலை நன்றாக அறிந்தவர்கள். ஒரே விசைக்கு எழுத்துக்குள் ஒரு வேலை, வெளியே ஒரு வேலை என்று அவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். முன்காட்சிக்கு ஆல்ட்டும் கண்ட்ரோலும் சேர்ந்த, வேறு எதற்கும் ஒதுக்கப்படாத ஒரு கூட்டணியைப் பொதுச் சூழலில் கொடுத்துவிட்டால், கர்சர் பெட்டிக்குள் இருந்தாலும் அது எழுத்தாக விழாது. நான் எங்கள் அலுவலகக் கணினிகளில் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறேன். தனி எழுத்தின் வேகம் இதில் இல்லைதான். கல்யாணப் பத்திரிகைக்கு அந்த வேகம் தேவையில்லை.

இதற்கு நேர் எதிரான விபத்தும் இருக்கிறது. பேனல்கள் மறைவது அந்த வகை. மேலே சொன்னதில் கட்டளை என்று நினைத்து அழுத்தியது எழுத்தாக விழுந்தது. இதில் எழுத்து என்று நினைத்து அடிப்பது கட்டளையாகிறது. பெயருக்கும் உறவுமுறைக்கும் இடையே இடைவெளி விட டேப் அழுத்தியிருப்பீர்கள். கர்சர் பெட்டிக்குள் இல்லை. அடோபி மென்பொருள்களில் எழுத்துக்கு வெளியே டேப் என்பது பேனல்களை எல்லாம் மறைக்கும் விசை. இன்னொரு முறை அழுத்தினால் திரும்ப வந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியவை வேறு. இல்லஸ்ட்ரேட்டரில் ஒரு பொன்னிறச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்த நிலையில், பெட்டிக்குள் இருப்பதாக நினைத்து, பெரிய எழுத்துப் பூட்டை (கேப்ஸ் லாக்) போட்டு ஆங்கிலத்தில் 'தேவி' (DEVI) என்று அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் எழுத்திலேயே சட்டம் தன் நிறத்தை இழந்து வெள்ளை நிரப்பும் கறுப்பு ஓரமுமாக மாறிவிடும், ஏனென்றால் அந்த விசை அங்கே இயல்பு நிறத்துக்குத் திரும்பும் கட்டளை. மற்ற மூன்று எழுத்துகளும் ஒவ்வொரு கருவியாக மாற்றிக்கொண்டு போகும். ஃபோட்டோஷாப்பில் நகர்த்தும் கருவி கையில் இருக்கும்போது கைபேசி எண் அடித்தால், எண்கள் லேயரின், அதாவது அந்தப் பட அடுக்கின், ஒளிபுகாத்தன்மையை மாற்றும். கடைசி இரண்டு இலக்கம் 10 என்றால் லேயர் பத்து சதவீதத்துக்கு மங்கிப்போய் இருக்கும். படம் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கோரல் டிராவில் 'பி' (P) ஒரு தட்டு தட்டினால், தேர்ந்தெடுத்து வைத்திருந்த பொருள்கள் பக்கத்தின் நடுவில் போய் நிற்கும். இதெல்லாம் சத்தமில்லாமல் நடக்கும். உடனே கண்ணில் பட்டால் கண்ட்ரோல் இசட் போட்டு மீளலாம். அச்சுத் தகடான பிளேட்டில் பார்த்தால் மீள முடியாது.

இங்கேதான் உங்கள் முதலாளி சொன்னதை நான் ஏற்க மறுக்கிறேன். அவர் நட்டப்பட்டிருக்கிறார், அவருடைய கோபம் நியாயமானது. மவுஸை மட்டும் பிடித்தால் 'வருகீ' போன்றவை குறையலாம், ஆனால் இந்த எதிர் வகை விபத்துகள் குறையாது. கருவியை மவுஸால் எடுத்தாலும், பெயரை விசைப்பலகையில்தானே அடித்தாக வேண்டும்? அடிக்கும்போது கர்சர் பெட்டிக்குள் இல்லையென்றால் தேவியின் சட்டம் அப்போதும் வெளுக்கும். குறுக்குவிசை தெரியாதவருக்கு அது ஏன் வெளுத்தது என்பதே தெரியாமல் போகும். உங்களுக்குத் தெரியும் என்பது கூடுதல் பாதுகாப்பு. இதை அவரிடம் வாதமாகச் சொல்லாதீர்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போது ஒரு வெற்றுப் பக்கத்தில் இந்த இரண்டு விபத்துகளையும் செய்து காட்டுங்கள். அச்சகம் நடத்துகிறவர்களுக்குக் கண்ணால் கண்டது சட்டென்று புரியும்.

கை சரியில்லையா என்ற கேள்விக்கு ஒரு பழைய கதையும் பதில் சொல்லும். 1974ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோ நகரில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிராவோ என்று ஓர் எழுத்துத் தொகுப்பு மென்பொருளை உருவாக்கினார்கள். பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி போன்ற பெரும் நிபுணர்களின் கைவண்ணம். அதில் எழுதும் நிலை ஒன்று, கட்டளை நிலை ஒன்று. கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஒருவர் 'எடிட்' (EDIT) என்ற ஆங்கிலச் சொல்லை அடித்தால் என்ன ஆகும் என்பது அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. முதல் எழுத்து 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு'. இரண்டாவது 'அழி'. மூன்றாவது 'இங்கே எழுத்தைச் சேர்'. நான்காவது, அப்படிச் சேர்க்கப்படும் எழுத்து. மொத்த ஆவணமும் போய், அந்த இடத்தில் ஒரே ஒரு ஆங்கில 'டி' மிஞ்சும். உங்கள் 'வருகீ'யின் பாட்டனார் அது.

அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த லாரி டெஸ்லர் என்பவர் இந்த நிலை மாற்றங்களை ஒழிப்பதையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். டிம் மாட் என்பவருடன் சேர்ந்து ஜிப்சி என்ற தொகுப்பு மென்பொருளைச் செய்தார். நாம் இன்று வெட்டி, நகலெடுத்து, ஒட்டும் முறை அந்த வழியில் வந்ததுதான். 'நிலைகள் வேண்டாம்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களைத் தன் காரின் எண் பலகையிலேயே போட்டுக்கொண்டவர் அவர். 2020 பிப்ரவரியில் காலமானார். அவ்வளவு பெரிய கூடத்தில் அவ்வளவு தேர்ந்தவர்களுக்கே வந்த வினையை, ஏழு மாத அனுபவமுள்ள நீங்கள் உங்கள் கையின் குற்றம் என்று எடுத்துக்கொள்வதில் நியாயமில்லை. மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த உதவும் அணுக்க வழிகாட்டிகளின் (WCAG) 2.1 பதிப்பு 2018இல் வந்தபோது, தனி எழுத்துக் குறுக்குவிசைகளை அணைக்கவோ மாற்றவோ பயனருக்கு வழி இருக்க வேண்டும், அல்லது அவை குறிப்பிட்ட இடம் ஃபோகஸில் இருக்கும்போது மட்டும் வேலை செய்ய வேண்டும் என்று அதில் ஒரு விதியே சேர்த்தார்கள். குரலால் கணினியை இயக்குகிறவர்கள் பேசும் ஒவ்வொரு சொல்லும் கட்டளைகளாகச் சிதறிவிடும் அபாயம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஜெஃப் ராஸ்கின் என்பவர் சொன்ன ஒன்று எனக்கு அன்றாட வேலையில் மிகவும் உதவியிருக்கிறது. ஆப்பிளில் மேக்கின்டோஷ் திட்டத்தைத் தொடங்கியவர் அவர். பெரிய எழுத்துப் பூட்டை ஒரு தட்டுத் தட்டினால், நாம் மறந்தாலும் அது அப்படியே நிற்கிறது. ஷிஃப்ட் அப்படியில்லை, பிடித்திருக்கும்வரைதான் அதற்கு உயிர். விரல் அழுத்திக்கொண்டிருப்பதால் நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை விரலே நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆகவே தட்டிவிட்டு மறக்கும் விசைகளைக் குறைத்து, பிடித்துக்கொண்டு செய்யும் விசைகளைப் பழகுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் எந்தக் கருவி இருந்தாலும் கண்ட்ரோலைப் பிடித்தால் தேர்வு அம்பு வரும், விட்டால் பழைய கருவிக்குத் திரும்பிவிடும். ஒரு பொருளைச் சற்று நகர்த்துவதற்காக 'வி' அடித்துவிட்டு, பிறகு திரும்பிவர இன்னொரு விசை அடிக்கும் வேலை மிச்சம். பக்கத்தைக் கையால் பிடித்து நகர்த்த ஸ்பேஸ்பாரைப் பிடிப்போம், ஆனால் எழுத்துக்குள் இருக்கும்போது ஸ்பேஸ்பார் இடைவெளியாக விழுந்துகொண்டே போகும். இன்டிசைனில் எழுத்துக்குள் இருந்தபடியே நகர்த்த ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு இழுக்கலாம்.

எண் கட்டங்களைப் பற்றி ஒரு சொல். எழுத்தளவு, வரி இடைவெளி, அகலம் என்று பட்டையில் இருக்கும் சின்னக் கட்டங்களில் எண்ணை அடித்தபின் கர்சர் அங்கேயே தங்கிவிடும். அடுத்த விசையும் அந்தக் கட்டத்துக்கே போகும். எண் அடித்ததும் என்டர் அழுத்தும் பழக்கம் வந்துவிட்டால் இது தீர்ந்தது. ஃபோட்டோஷாப்பில் அளவு மாற்றும் சட்டம் போட்டுவிட்டு உறுதிசெய்யாமல் விட்டாலும் பட்டியல்கள் மங்கிக் கிடக்கும், அதற்கும் என்டர்தான்.

விசை கேட்காதபோது இரண்டு அடி தள்ளிப் பார்க்கும் ஒரு பார்வை எனக்கு இப்போது தானாகவே வந்துவிட்டது. எங்காவது கர்சர் மினுக்குகிறதா என்று ஒரு பார்வை, கடிகாரத்துக்குப் பக்கத்தில் மொழிக்குறி என்ன சொல்கிறது என்று ஒரு பார்வை. அரை நொடி ஆகாது. பழகும்வரை, தமிழ் அடித்து முடித்ததும் ஆங்கிலத்துக்கு மாறி, எஸ்கேப் அழுத்தி, அதன்பிறகு கையை எடுங்கள். நீண்ட கட்டுரை என்றால் இன்டிசைனில் கண்ட்ரோல் ஒய் அழுத்தினால் எழுத்துக்கென்றே தனிச் சன்னல் திறக்கும். தமிழ் முழுவதையும் அங்கே அடித்துத் திருத்திவிட்டு மூடலாம். பக்கத்தில் இருப்பது வடிவமைப்பு, சன்னலில் இருப்பது எழுத்து என்று கண்ணுக்கே பிரிந்து தெரியும்.

கோயில் மலரும் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். பிளேட்டுக்கு அனுப்புவதற்கு முன் இதைச் செய்யுங்கள். தேடும் பெட்டியில் 'ஈ' என்ற ஒற்றை எழுத்தைக் கொடுத்து மலர் முழுக்கத் தேடுங்கள். தமிழில் உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும், அளபெடையில் மட்டும் விதிவிலக்கு. ஆகவே ஈரோடு, ஈசன், ஈகை போன்ற சொற்களின் தலையில் அல்லாமல் வேறு எங்காவது 'ஈ' வந்து நின்றால், அது உங்கள் முன்காட்சி விசை போட்டுவிட்டுப் போனது. அதே வழியில் 'வி'யும் விழுந்திருக்கலாம், தேவையில்லாத இடத்தில் ஒரு 'வ'. அதைத் தேடிப் பிடிப்பது கடினம், 'வருகீ' போலக் கரைந்துபோனதையும் தேடல் காட்டாது. அதற்கு ஒரே வழி, உபயதாரர் பட்டியலைத் தாளில் எடுத்து, ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க இன்னொருவர் விரல் வைத்துப் பார்ப்பதுதான். உங்கள் முதலாளியையே படிக்கச் சொல்லுங்கள்.